பழைய ஹைலக்ஸ் டீசல் கெப்பில் டீசல் ஒழுங்காக வராவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 3எல் எஞ்சின் போட்ட எல்.என். 106 மொடல் டொயோட்டா ஹைலக்ஸ். நெல், வெங்காயம், சீமெந்து, கலியாண வீட்டுக் கதிரை என்று அது ஏற்றாத சாமான் இல்லை. நான் தொழிலுக்கு மெக்கானிக் கிடையாது, ஆனால் இந்த வாகனத்தின் டீசல் லைனை எத்தனை தரம் கழற்றிப் பூட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இதே வாகனம் வைத்திருக்கும் ஆட்கள் என்னிடம் கேட்பதும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்த எஞ்சின்களுக்கு இது சரிவரும்?

டொயோட்டாவின் பழைய எல் வரிசை: 2எல் (2446 சிசி), 3எல் (2779 சிசி), 5எல் (2986 சிசி). மூன்றிலும் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. பின்னால் வந்த டி-ஃபோர்-டி கொமன் ரெயில் எஞ்சின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில், மிகப் பெரிய அழுத்தத்தில் டீசல் போகிறது) வேறு சாதி. அதில் இங்கே சொல்லும் சில வேலைகளைச் செய்யவே கூடாது, முக்கியமாக ஓடும்போது நொசில் (சிலிண்டருக்குள் டீசலை விசிறுகிற சாமான்) நட்டை இளக்கிப் பார்க்கிற வேலை. இலங்கையில் இன்னும் ஓடுகிற பழைய டபுள் கெப், சிங்கிள் கெப் நிறைய இந்த எல் எஞ்சின்கள்தான். டொல்ஃபின் ஹையேஸிலும் இதே குடும்பம் இருப்பதால் வான்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

டீசல் டாங்கில் இருந்து எஞ்சினுக்கு எப்படிப் போகிறது?

இது விளங்கினால் பாதிப் பிழை பிடிபட்டுவிடும். டாங்குக்குள் ஒரு உறிஞ்சு குழாய், அதன் நுனியில் ஒரு சின்ன வலை. அங்கிருந்து சசியோடு (வாகனத்தின் அடிச் சட்டம்) ஒட்டி வரும் இரும்புக் குழாய், பிறகு எஞ்சின் பக்கம் றப்பர் ஹோஸ், பிறகு பில்டர். பில்டரின் தலையில் கையால் அமத்துகிற ஹான்ட் பம்ப். அங்கிருந்து இன்னொரு ஹோஸ் வழியாக டீசல் பம்ப், அதிலிருந்து நாலு இரும்பு லைனில் நாலு நொசில். மிஞ்சுகிற டீசல் ரிட்டர்ன் லைனால் திரும்ப டாங்குக்கே போகும்.

கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த வாகனங்களில் டாங்குக்குள் மோட்டார் பம்ப் இல்லை. டீசல் பம்புக்குள்ளேயே இருக்கிற, சிறகு வைத்துச் சுற்றுகிற ஒரு சின்னப் பம்ப்தான் அத்தனை தூரத்துக்கும் டீசலை இழுக்கிறது. அதாவது டாங்கில் இருந்து பம்ப் வரைக்கும் முழு லைனும் உறிஞ்சும் பக்கம், ஸ்ட்ரோ வைத்து இளநீர் குடிக்கிற மாதிரி. ஸ்ட்ரோவில் ஊசித் துவாரம் விழுந்தால் இளநீர் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே வரும். இதை மறந்துவிட்டுத்தான் ஆட்கள் வாகனத்துக்குக் கீழே படுத்து டீசல் ஈரம் தேடிவிட்டு, "ஒரு இடமும் லீக் இல்லை, அப்ப பம்ப்தான்" என்று எழும்பி வருகிறார்கள்.

மெக்கானிக் பார்த்தவுடனேயே "பம்ப் போயிட்டுது" என்கிறார். நம்பலாமா?

சில வேளை உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைக் கடைசியில் நம்புங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் ஸ்டார்ட் வர நேரம் எடுத்தது, ஓட்டத்திலும் இடைக்கிடை மூச்சு விட்டது, அதாவது நிற்கப் பார்த்துத் திரும்ப ஓடியது. பம்ப் வேலை செய்யும் ஒரு இடத்தில் கொடுத்தேன். கழற்றி, சீல் மாற்றி, நொசிலும் செய்து, ஒரு போகத்து வெங்காய லாபத்தை அப்படியே வாங்கிக்கொண்டு தந்தார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் காலை பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில் பிழை எங்கே என்றால், சசி குழாயையும் பில்டர் ஹோஸையும் இணைக்கிற இடத்தில் ஒரு தளர்ந்த கிளிப், அதற்குள் வெடித்த ஹோஸ் நுனி. நுனியை ஒரு அங்குலம் வெட்டி, புதுக் கிளிப் போட்டு இறுக்கியதோடு சரி. அந்த இரண்டு நாள் ஏன் ஓடியது? பம்பைத் திரும்பப் பூட்டும்போது ஹோஸை ஆட்டியிருப்பார்கள், தற்காலிகமாக நன்றாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒழுங்குதான்: டாங்கில் தொடங்கி பம்பை நோக்கி வருவேன், காசு குறைந்த சாமானில் தொடங்கி காசு கூடியதுக்குப் போவேன். நல்ல வேளையாக இந்த வாகனத்தில் இரண்டும் ஒரே திசை.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் எடுக்கவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

புகையை. ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் போய் நில்லுங்கள். புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை, பிழை டீசல் வழியில்தான். வெள்ளைப் புகை மூக்கை எரிக்கிற மணத்தோடு வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. அப்போது ஹீட்டர் பிளக், பற்றரி, கொம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குவது), டைமிங் (டீசல் விசிறுகிற நேரம்) என்று வேறு பக்கம் தேட வேண்டும். பாதி டீசலும் பாதி காற்றுமாகப் போகும்போதும் இப்படி வெள்ளைப் புகை விட்டு விட்டு வரும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வெக்கைக்கு ஹீட்டர் பிளக் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. இது முன்னறை உள்ள எஞ்சின், டீசல் முதலில் பற்றுவது சிலிண்டருக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன அறையில். கொம்ப்ரெஷன் 22 மடங்குக்கு மேல் இருந்தாலும், குளிர்ந்து கிடக்கிற அறையில் பிளக் சூடாக்கித் தராவிட்டால் மார்கழிக் காலையில் நன்றாகவே அடம் பிடிக்கும். நாலில் இரண்டு பிளக் செத்துப்போன வாகனத்துக்கு டீசல் பம்ப் மாற்றிய கதையும் எனக்குத் தெரியும்.

அதோடு டாங்கில் டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். இந்த வயதில் கேஜ் முள்ளை நம்பக் கூடாது, ஒரு தடியை விட்டுப் பார்ப்பதுதான் சரி.

காலையில் மட்டும் ஸ்டார்ட் கஷ்டம், ஒருக்கா எடுத்தால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. ஏன்?

ஹீட்டர் பிளக் நல்லதென்றால், இரவில் டீசல் பின்னோக்கி டாங்குக்கு இறங்கிவிடுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிற இடம் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பம்ப் இழுக்கிற வேகத்தில் அந்தச் சின்னக் காற்றை விழுங்கிக்கொண்டு ஓடிவிடும், நின்ற பிறகுதான் லைன் காலியாகும்.

இதை உறுதிசெய்ய இரண்டு வழி இருக்கிறது, இரண்டுக்கும் காசு இல்லை. முதலாவது, காலையில் சாவியைத் தொட முன்னர் பொனற்றைத் திறந்து ஹான்ட் பம்பை அமத்துங்கள். நல்ல லைனில் இரண்டு மூன்று அமத்திலேயே அது கல்லு மாதிரி இறுகும். இருபது முப்பது தரம் சொத சொதவென்று போய்ப் பிறகு இறுகி, அதற்குப் பிறகு அடித்தவுடன் எஞ்சின் எடுத்தால் சந்தேகமே வேண்டாம். மற்றது, ஒரு இரவு வாகனத்தை மூக்குப் பள்ளத்தைப் பார்க்க நிறுத்துங்கள், அடுத்த இரவு மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள். பள்ளத்தைப் பார்த்து நின்ற காலையில் நன்றாக எடுத்து, மேட்டைப் பார்த்து நின்ற காலையில் அடம் பிடித்தால் அதே பிழைதான், ஏனென்றால் மூக்குத் தாழ்ந்திருக்கும்போது டீசல் பின்னால் ஓட இடமில்லை. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் மேட்டுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், முன் சில்லுக்கு இரண்டு பலகை வைத்தால் போதும்.

சரி, காற்று எங்கே நுழைகிறது என்று எப்படிப் பிடிப்பது?

பில்டருக்கும் டீசல் பம்புக்கும் இடையில் இருக்கிற றப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, அதே அளவில் டீசல் தாங்குகிற தெளிந்த பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு துண்டு போடுங்கள். எஞ்சினை ஓட விட்டுப் பாருங்கள். மேல் வளைவில் ஒரு சின்னக் குமிழ் அசையாமல் நின்றால் பரவாயில்லை. சோடாப் போத்தலைத் திறந்த மாதிரிக் குமிழ்கள் வரிசையாக ஓடிக்கொண்டே இருந்தால், பிழை அந்த ஹோஸுக்கு டீசல் வர முன்னமே, அதாவது பில்டரிலோ அதற்கும் முன்னால் டாங்க் பக்கத்திலோ. குமிழே இல்லாமல் டீசல் தெளிவாக வந்தும் வாகனம் மூச்சு விட்டால், அப்போதுதான் பம்புக்குப் போகலாம்.

நான் அதிகம் கண்ட இடங்களைச் சொல்கிறேன். முதலாவது பில்டரின் அடியில் இருக்கிற தண்ணீர் சென்சர். புது பில்டர் போடும்போது பழையதில் இருந்து அதைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும், அவசரத்தில் பழைய ஓ-ரிங்கையே திருகிவிடுவார்கள். அது முறுகியோ வெடித்தோ இருக்கும். பில்டரின் மேல் வளையமும் அப்படித்தான்: பழைய வளையம் தலையில் ஒட்டிக்கொண்டு நிற்க, அதன்மேல் புது பில்டரை இறுக்கி, இரண்டு வளையத்தோடு ஓடிய வாகனத்தை என் கண்ணாலேயே கண்டேன். அடுத்தது ஹான்ட் பம்ப். அதன் உள்ளே இருக்கிற டயப்பிரம் வயதாகி வெடிக்கும். கையால் அமத்தும்போது பக்கத்தால் டீசல் கசிந்தால் அதுதான், முழுத் தலையாகவே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் சசி குழாய். கடல் காற்று அடிக்கிற ஊர்களில் ஓடிய வாகனம் என்றால், குழாயைச் சசியோடு பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில் பாருங்கள். மண்ணும் ஈரமும் நிற்பது அங்கேதான், கறளும் அங்கேதான். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும், விரலால் சுரண்டினால் ஊசித் துவாரம் தெரியும்.

எதுவும் அகப்படாவிட்டால் லைனின் இரண்டு முனையையும் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மற்ற முனையில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று அடித்து சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பாருங்கள், நுரை வரும் இடம்தான் ஓட்டை. டாங்கையும் பில்டரையும் கழற்றிவிட்டு லைனுக்கு மட்டும் காற்று அடியுங்கள். கொம்ப்ரெசர் வேண்டாம், சைக்கிள் பம்பே தாராளம்.

போத்தல் வைத்து ஓடவிட்டுப் பார்ப்பது என்று சொல்கிறார்களே, அது என்ன?

முழு டீசல் வழியையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிற வேலை. என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே பிரயோசனமான விஷயம் இதுதான்.

இரண்டு லீட்டர் சுத்தமான கான் ஒன்றில் நல்ல டீசல் எடுங்கள். அதைப் பொனற்றுக்குக் கீழே, பம்பை விட உயரத்தில், மின்விசிறிக்கும் சூடான மனிஃபோல்டுக்கும் தள்ளி இறுக்கிக் கட்டுங்கள். பம்பின் இன்லெட்டில் இருந்து வாகனத்தின் ஹோஸைக் கழற்றி, கானில் இருந்து வரும் ஹோஸைப் போடுங்கள். ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றி கானுக்குள்ளேயே விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு லீட்டரும் சத்தமில்லாமல் டாங்குக்குப் போய்விடும். இப்போது ஸ்டார்ட் எடுத்து, ஐட்லிங்கிலும் அக்சிலரேற்றர் கொடுத்தும் பாருங்கள்.

வாகனம் மூச்சு விடாமல் சுத்தமாக ஓடினால் பம்பும் நொசிலும் நல்லம், பிழை டாங்கில் இருந்து பில்டர் வரைக்கும் எங்கோ. கானிலும் அதே கதை என்றால் டாங்க் பக்கத்தை மறந்துவிட்டு பம்ப், சொலினொயிட் (சாவியால் டீசலைத் திறந்து மூடுகிற மின் சாமான்), நொசில், டைமிங் பக்கம் போகலாம். அரை மணித்தியால வேலை. பம்பைக் கழற்றச் சொல்கிற எவரிடமும் முதலில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கோபிக்கிறவரிடம் வாகனத்தை விடாதீர்கள்.

ஏற்றத்திலும் லோட்டிலும் இழுவை இல்லை, வெறுமையாக ஓடினால் பிரச்சினை இல்லை.

இது பெரும்பாலும் அடைப்பு. ஐட்லிங்குக்குத் தேவையான டீசல் எந்த அடைப்பிலும் வந்துவிடும், கண்டி ரோட்டில் கடுகண்ணாவ ஏற்றத்தில் லோட்டோடு மூன்றாம் கியரில் மிதிக்கும்போது கேட்கிற அளவு வராது.

பில்டரை மாற்றுங்கள். எப்போது மாற்றினீர்கள் என்று யோசிக்க வேண்டியிருந்தால் அதுவே பதில். நான் 10,000 கிலோமீட்டருக்கு ஒன்று போடுகிறேன், எங்கள் டீசலுக்கு அது அதிகம் இல்லை. பிறகு டாங்க் மூடி: இழுவை குறைந்தவுடன் நிறுத்தி மூடியைத் திறக்கும்போது "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் காற்றோட்டம் அடைத்திருக்கிறது. மூடியை இளக்கி விட்டு ஓடிப்பார்த்தாலே தெரிந்துவிடும். அதன்பிறகு டாங்கின் உள்வலை. இதன் அடையாளம் தனி: கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், பிறகு இழுவை போகும், நிறுத்திப் பத்து நிமிடம் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் திரும்ப நன்றாக ஓடும். நிற்கும்போது வலையில் அப்பிய ஊத்தை கீழே விழுகிறது, அவ்வளவுதான். பழைய ஹோஸ் உள்பக்கமாக உரிந்து மடிந்து வழியை மறைப்பதும் உண்டு, வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

டீசலோடு சம்பந்தமில்லாத இரண்டையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ஒருவரை மிதியை அடியோடு மிதிக்கச் சொல்லி, பம்பில் இருக்கிற லீவர் கடைசி ஸ்டொப் ஸ்க்ரூ வரைக்கும் போகிறதா என்று பாருங்கள். கேபிள் தளர்ந்தோ, காலடி விரிப்பு மடிந்து மிதியைத் தடுத்தோ இருக்கலாம். அதோடு எயர் கிளீனர். இழுவை இல்லாததோடு கறுப்புப் புகையும் வந்தால் டீசல் குறைவு இல்லை, காற்றுத்தான் குறைவு. எங்கள் வீட்டில் ஒரு எலி எயர் கிளீனர் பெட்டிக்குள் குடும்பமே நடத்தியது.

ஓடிக்கொண்டிருந்த வாகனம் சட்டென்று நின்றுவிட்டது, தள்ளியும் எடுக்கவில்லை.

மெல்ல மெல்ல மூச்சு விட்டு நின்றால் டீசல் அல்லது காற்று. சாவியைத் திருப்பி நிறுத்தியது போலச் சட்டென்று நின்றால் முதலில் கட்-ஓஃப் சொலினொயிட்டைப் பாருங்கள். பம்பில் நொசில் லைன்கள் புறப்படுகிற பக்கத்தில், ஒற்றை வயரோடு நிற்கிற சின்னக் குப்பி. சாவி ஒன் பண்ணும்போது 12 வோல்ட் வந்து ஊசியை மேலே தூக்கும், டீசல் போகும். மின்சாரம் நின்றால் ஊசி விழும், எஞ்சின் நிற்கும்.

சாவியை ஒன் பண்ணிவிட்டு வயரைக் கழற்றிக் கழற்றிப் போடுங்கள், "டிக்" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பற்றரியின் பொசிட்டிவில் இருந்து தனி வயர் ஒன்றை நேரே கொடுத்துப் பாருங்கள். இப்போது டிக் என்று கேட்டு எஞ்சினும் எடுத்தால் சொலினொயிட் நல்லம், பியூஸ் அல்லது வயரில் பிழை. அந்தத் தனி வயரோடு வீடு போய்ச் சேரலாம், நிறுத்துவதற்கு அதைக் கழற்றினால் போதும். நேரடி வயருக்கும் சத்தமில்லை என்றால் சொலினொயிட் செத்துவிட்டது. காட்டுப் பாதையில் மாட்டிக்கொண்டால் அதைக் கழற்றி, உள்ளே இருக்கிற ஊசியையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டி ஓடலாம். ஆனால் பிறகு சாவியால் எஞ்சினை நிறுத்த முடியாது, பெரிய கியரில் போட்டு பிரேக்கை மிதித்து கிளட்சை விட்டு அடக்க வேண்டும். அவசரத்துக்கு மட்டும்.

சொலினொயிட்டும் நல்லதென்றால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இந்த எஞ்சின்களில் டீசல் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான், 100,000 கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டியது. சந்தேகம் என்றால் ஸ்டார்ட் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், வால்வும் பிஸ்டனும் முட்டும்.

பில்டர் மாற்றிய பிறகு காற்றை எப்படி எடுப்பது?

ஹான்ட் பம்பை இறுகும் வரை அமத்துங்கள். பெரும்பாலும் அதுவே போதும், பம்ப் மிச்சக் காற்றைத் தானே ரிட்டர்னால் தள்ளிவிடும். டாங்க் முழுக்கக் காய்ந்து நின்ற வாகனம் என்றால், பிறகு இரண்டு நொசிலின் லைன் நட்டை ஒரு சுற்று இளக்கிவிட்டு ஸ்டார்ட் அடியுங்கள். நட்டடியில் நுரை போய் டீசல் துடித்துத் துடித்து வந்தால் இறுக்கலாம். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து செக்கனுக்கு மேல் அடிக்காமல் ஸ்டார்ட்டரை ஆற விடுங்கள். பற்றரி இறங்கினால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றினால் எந்த டீசலும் பற்றாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நொசில் லைனில் இருக்கிற அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல். அந்தப் பீச்சலைக் கையால் மறைத்துப் பார்க்காதீர்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின புள்ளி மட்டும் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது, ஆனால் உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே போனது என்று தெளிவாகச் சொல்லுங்கள். லீக் தேடுவதற்குக் காட்போட் மட்டை இருக்கிறது.

எயர் கிளீனரில் பெற்றோல் துணி பிடித்து ஸ்டார்ட் எடுத்தால் என்ன?

செய்யாதீர்கள். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கிற அறைக்குள் பெற்றோல் ஆவியை விட்டால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்னமே வெடிக்கும், பிஸ்டன் வளையமும் பிளக் நுனியும் போகும். ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயும் அதே வகைதான்.

ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாதது போல் நடுங்குகிறது.

ஐட்லிங்கில் விட்டு, ஒவ்வொரு நொசிலின் லைன் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொஞ்சம் இளக்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை, நட்டைச் சுற்றித் தடித்த துணி. நல்ல சிலிண்டரை இளக்கினால் எஞ்சின் இன்னும் மோசமாக நடுங்கும். எதை இளக்கியும் மாற்றமே இல்லையோ அதுதான் ஆள். அந்த நொசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். பிழையும் கூடவே போனால் நொசில், போகாமல் அங்கேயே நின்றால் கொம்ப்ரெஷன் அல்லது வால்வு.

நொசிலைக் கழற்றினால் அடியில் இருக்கிற வாஷர்களைத் திரும்பப் பாவிக்காதீர்கள், சின்ன விலைதான். டெஸ்டரில் போட்டுப் பார்க்கும்போது, 2எல், 3எல் எஞ்சின்களில் பாவித்த நொசில் சதுர சென்டிமீட்டருக்கு 105 முதல் 125 கிலோவுக்குள் திறக்க வேண்டும், புகை மாதிரி விசிற வேண்டும், திறந்து மூடிய பிறகு நுனியில் சொட்டக் கூடாது. நாலும் ஒரே அளவுக்குக் கிட்ட இருப்பது முக்கியம்.

டாஷ் போட்டில் பில்டர் விளக்கு எரிகிறது.

பில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்துவிட்டது. அடியில் இருக்கிற ஸ்க்ரூவை இளக்கி, ஹான்ட் பம்பை அமத்தி, ஒரு தெளிந்த போத்தலில் பிடியுங்கள். கொஞ்ச நேரம் நிற்க விட்டால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். கறுப்பு நிறத்தில் சளி மாதிரி இழுபட்டால் அது டீசலுக்கும் தண்ணீருக்கும் இடையில் வளர்கிற கிருமி, டாங்கை இறக்கிக் கழுவ வேண்டியதுதான்.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று கான் கானாக டீசல் சேர்த்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நேரம் வீட்டு முற்றத்தில் பரலிலும் பழைய எண்ணெய்க் கானிலும் கிடந்த டீசல் பிறகு எத்தனையோ வாகனத்தின் டாங்கில் ஊத்தையாக வந்து சேர்ந்தது. சேர்த்து வைத்ததை ஊற்றுவதென்றால் ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு, அடியில் இருக்கிற இரண்டு விரல்கடையை விட்டுவிட்டு மேலே இருப்பதை வடித்து ஊற்றுங்கள். மாரி காலத்தில் டாங்கைப் பாதியில் நிறுத்தி வைக்காதீர்கள், வெறுமையான இடத்தில் ஈரம் வியர்த்து இறங்கும்.

மண்ணெண்ணெய் கலந்தால் என்ன, முந்தி எல்லோரும் கலந்தார்கள்தானே?

கலந்தார்கள். விலை வித்தியாசம் அப்படி. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறும் வரைக்கும் அந்த ஆசை இருந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் காரும் மோட்டார் சைக்கிளும் நாலு சொட்டுப் பெற்றோலில் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடியதும் உண்மை. ஆனால் அவை காபரேற்றர் எஞ்சின்கள். இந்த டீசல் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது, உள்ளே தேய்கிற அத்தனை இரும்புக்கும் மசகு அந்த டீசலே. மண்ணெண்ணெய் மெல்லிசு, மசகு குறைவு. ஒரு நாளில் தெரியாது, வருடக் கணக்கில் தெரியும். கலந்து ஓடிய வாகனத்தை வாங்கியவர்தான் பெரும்பாலும் அடுத்த கேள்வியைக் கேட்பார்.

குளிரில் உடனே எடுக்கிறது, சூட்டில் நிறுத்தினால் எடுக்க மாட்டேன் என்கிறது.

இதற்குப் பம்பைச் சந்தேகிக்கலாம், இந்த முறை நியாயமாக. உள்ளே தேய்ந்த பிளஞ்சர் (டீசலை அழுத்தித் தள்ளுகிற தண்டு), சூட்டில் டீசல் இன்னும் இளகும்போது, ஸ்டார்ட்டர் வேகத்தில் அழுத்தத்தைப் பிடிக்காது. எடுக்காமல் நிற்கும்போது, ஈரச் சாக்கு ஒன்றைப் பம்பின் மேல் போட்டுப் பத்து நிமிடம் ஆற விடுங்கள். ஓடுகிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், உள்ளே இறுகிப் பிடித்துவிடும். ஆறியவுடன் எடுத்தால் பம்ப் தேய்ந்ததற்கு நல்ல சாட்சி. அதற்கு முன் ஸ்டார்ட்டர் சூட்டில் மெதுவாகச் சுற்றுகிறதா என்று காதால் கேளுங்கள், அதுவும் இதே மாதிரி ஏமாற்றும்.

பம்ப் வெளியால் ஒழுகுகிறது. முழுப் பம்பும் மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. அக்சிலரேற்றர் லீவர் தண்டின் அடியிலோ தலைப் பக்கத்திலோ ஒழுகினால் சீல் வயதாகிவிட்டது, சீல் கிட் போட்டால் பல வருடம் ஓடும். ஆனால் முற்றத்தில் வைத்துத் திறக்க வேண்டாம், ஒரு மணல் துணிக்கை போதும் அதைக் கெடுக்க. கழற்றுவதற்கு முன்னர் பம்பின் விளிம்பிலும் எஞ்சின் பக்கத்திலும் ஒரே கோடாக உளியால் அடையாளம் போடுங்கள், பூட்டும்போது டைமிங் கிட்டத்தட்ட அங்கேயே வரும், மிச்சத்தைப் பம்ப் வேலை செய்பவர் டயல் கேஜில் சரிபார்க்கட்டும்.

எலக்ட்ரிக் பம்ப் ஒன்றை இடையில் போட்டால் எல்லாம் சரியாகுமாமே?

சரியாகாது, மறையும். உறிஞ்சும் லைன் தள்ளும் லைனாக மாறுவதால் காற்று நுழைந்த ஓட்டையால் இனி டீசல் வெளியே சொட்டும். பிழை பிடிக்கிற வழியாக அது நல்ல யோசனைதான், ஓட்டை கண்ணுக்குத் தெரியும். நிரந்தரமாகப் போடுவதென்றால் டீசலுக்கென்று வருகிற குறைந்த அழுத்தப் பம்ப் மட்டும். பெற்றோல் இன்ஜெக்ஷன் வாகனத்தில் இருந்து கழற்றிய பம்பைப் போட்டு டீசல் பம்பின் முன் சீலைத் தள்ளிவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் மாற்றிப் பூட்டிய பிறகு ஐட்லிங் ஏறி இறங்குகிறது, இழுவையும் முந்தியதை விடக் குறைவு. என்ன பிழை விட்டேன்?

பம்பில் டீசல் உள்ளே போகிற இடத்திலும் ரிட்டர்ன் வெளியே வருகிற இடத்திலும் துவாரமுள்ள போல்ட் இரண்டு இருக்கிறது, பார்க்க ஒரே மாதிரி. ரிட்டர்ன் போல்ட்டின் தலையில் "அவுட்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும், அதன் உள்ளே ஊசிக் கண் அளவு துவாரம். பம்பின் உள்ளே அழுத்தம் நிற்பது அந்தச் சின்னத் துவாரத்தால்தான். இரண்டையும் மாறிப் பூட்டினால் ரிட்டர்ன் அகலத் திறந்து உள்ளழுத்தம் விழும், உள்ளே வருகிற டீசலோ ஊசிக் கண்ணால் வர வேண்டியிருக்கும். இரண்டையும் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். மாறியிருந்தால் இடம் மாற்றி, செம்பு வாஷர் நாலும் புதிதாகப் போட்டு, ஹான்ட் பம்பை இறுகும் வரை அமத்திவிட்டு ஸ்டார்ட் அடியுங்கள்.